முதல் தடவை குரூஸ் போகிறவர்களுக்கு: மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் குரூஸ், அதாவது உல்லாசக் கப்பல் பயணம் பற்றி விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிற மகள் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிப்போக ஆசைப்படுகிறாள். கட்டாரில் உழைத்துவிட்டு வந்தவர் பெண்சாதி பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பயணம் காட்ட நினைக்கிறார். எல்லோரும் முதலில் கேட்பது "டிக்கெட் எவ்வளவு?" என்றுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. கப்பல் எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணித்தியாலம் நிற்கிறது? ஏறிய பிறகு எதற்கெல்லாம் தனியாகக் காசு எடுக்கும்? இவற்றைக் கணக்குப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுத்தால், வீடு திரும்பிய பிறகு கிரெடிட் காட் பில்லைப் பார்த்து மனம் நோக வேண்டி வராது.

கடலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாவலடியிலும் கல்லடியிலும் மருதமுனையிலும் 2004 டிசம்பர் 26ஐக் கண்ணால் கண்டவர்களுக்குக் கடல் என்றாலே நெஞ்சு பதறும். அது நியாயமான பயம். ஆனால் சுனாமி அலை ஆழ்கடலில் பெரும்பாலும் ஒரு மீற்றர் உயரம்கூட இருக்காது. கப்பலுக்கு அடியால் தெரியாமலே கடந்துவிடும். கரையை நெருங்கும்போதுதான் அது எழும்புகிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு இதை ஆறுதலாக விளக்கிவிட்டு, வருவதா இல்லையா என்ற முடிவை அவர்களிடமே விடுங்கள். வற்புறுத்தி ஏற்ற வேண்டாம்.

எங்கிருந்து ஏறுவது

முதல் பயணத்துக்கு நான் சொல்வது, சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரிலேயே இறங்குகிற 3 அல்லது 4 இரவுப் பயணம். ரோயல் கரீபியன், ரிசோர்ட்ஸ் வேர்ல்ட் போன்ற நிறுவனங்களின் கப்பல்கள் அங்கிருந்து பினாங்கு, போர்ட் கிள்ளான், புக்கெட் என்று போய்வருகின்றன. கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் ஏறக்குறைய நாலு மணித்தியாலம். மலாக்கா நீரிணை சுமாத்திராவுக்கும் மலாய்த் தீபகற்பத்துக்கும் நடுவில் ஒதுங்கிக் கிடப்பதால் அலையும் குறைவு. கடல் ஒத்துக்கொள்ளுமா என்று தெரியாதவர்களுக்கு இது பெரிய விஷயம். இறங்கும் ஊர்களிலும் தமிழ் கதைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

சென்னையிலிருந்து கோர்டேலியா நிறுவனத்தின் எம்ப்ரெஸ் கப்பல் 2023 ஜூனில் இலங்கைக்கு வரத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை மூன்றிலும் நின்றது. அந்தப் பக்கம் போக நினைத்தால் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை தவிர்த்துக்கொள்ளுங்கள். அது வங்காள விரிகுடாவின் புயல் காலம் என்பதை 1978 நவம்பரைப் பார்த்த நம் ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் ஓடுவது குரூஸ் கப்பல் இல்லை, ஆளை ஏற்றி இறக்கும் பயணிகள் படகு. இரண்டையும் குழப்ப வேண்டாம். வளைகுடாவில் உறவுகள் இருப்பவர்களுக்கு டுபாயிலிருந்து நவம்பர் முதல் மார்ச் வரையான குளிர்காலக் கப்பல்கள் பொருந்தும். மத்தியதரைக் கடல் பயணங்கள் அழகானவை. ஆனால் விசாச் சிக்கலும் நீண்ட விமானப் பயணமும் இருப்பதால் அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடவுச்சீட்டும் விசாவும்

கடவுச்சீட்டு பயணம் முடிகிற நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூரில் சுற்றுலா விசா முன்கூட்டி எடுக்கத் தேவையில்லை. எஸ்ஜி அரைவல் காட் என்ற படிவத்தை மட்டும் வந்து சேருவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கிற தளத்துக்குப் போனால் வெளியே வந்துவிடுங்கள். கப்பல் மறுபடி சிங்கப்பூருக்கு வரும்போது நீங்கள் இரண்டாம் முறை நாட்டுக்குள் நுழைகிறீர்கள். அதனால் அந்தப் படிவம் இன்னொரு தடவையும் வேண்டும்.

மலேசியா, தாய்லாந்து விதிகள் தனி, அடிக்கடி மாறவும் செய்யும். "நான் கரையில் இறங்க மாட்டேன், கப்பலிலேயே இருப்பேன்" என்று சொன்னாலும், வழியில் உள்ள ஒரு நாட்டின் விசா இல்லையென்றால் கப்பலில் ஏறவே விடாமல் தடுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆகவே டிக்கெட்டுக்குக் காசு கட்டும் முன்னர் அந்தந்த நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தைப் பாருங்கள். கப்பல் நிறுவனத்துக்கும் எழுதி, எழுத்திலேயே பதிலை வாங்கி வையுங்கள். முகவர் வாயால் சொல்வது போதாது.

கனடாக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மகனும் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் அம்மாவும் ஒரே கபினில் (கப்பல் அறையில்) போனாலும் விசா ஆளுக்கு ஆள் வேறு. சென்னைக் கப்பலுக்கும் ஐரோப்பியக் கப்பலுக்கும் ஒரு தடவைக்கு மேல் நுழையக்கூடிய விசாவாக எடுப்பதே பாதுகாப்பு. இத்தாலியில் ஏறி துருக்கியில் நின்று மறுபடி இத்தாலிக்கு வந்தால், ஒற்றை நுழைவு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) நடுவழியிலேயே முடிந்துவிடும்.

கபின்

ஜன்னல் இல்லாத உள்கபின், ஜன்னல் கபின், பல்கனி, பெரிய அறைகள் என்று நாலு வகை. மூன்று, நாலு இரவுக்கு உள்கபின் தாராளமாகப் போதும். வெளியே பார்க்க மேல்தளம் முழுக்க இருக்கிறது. வாந்தி வரும் என்று பயந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். அங்கே ஆட்டம் மிகக் குறைவு. விலை இரண்டு பேர் தங்குவதாக வைத்து ஆளுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும். தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு பேரின் காசைக் கட்ட வேண்டி வரும். அதே கபினில் மூன்றாம், நாலாம் ஆளுக்குக் கட்டணம் குறையும். அதனால் அம்மம்மாவைப் பிள்ளைகளோடு ஒரு அறையில் போடலாம் என்று தோன்றும். மேல்கட்டிலில் ஏறி இறங்க அவரால் முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பெரிய கப்பல்கள் 300 மீற்றருக்கும் நீளம். முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு லிஃப்டுக்குப் பக்கத்து அறை நல்லது. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளையும் 24 வாரம் தொட்ட கர்ப்பிணிகளையும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றாது.

ஹலால் சாப்பாடு, மரக்கறி மட்டும், மாட்டிறைச்சி வேண்டாம் என்பதையெல்லாம் பதிவின்போதே எழுத்தில் கொடுங்கள். சிங்கப்பூர்க் கப்பல்களில் இந்திய மரக்கறிச் சாப்பாடு கஷ்டமில்லாமல் கிடைக்கும். ஹலால் விஷயத்தில், கப்பலில் ஹலால் உணவு இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், சமையலறையே தனியா, சான்றிதழ் இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள். சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுக் குடும்பங்கள் பல இந்தப் பதில் கிடைக்காமல் தயங்கி நிற்கின்றன. தயங்கத் தேவையில்லை, கேட்டால் சொல்வார்கள்.

கப்பலுக்குள் காசு எங்கே போகிறது

டிக்கெட்டுக்குள் வருவது: கபின், பிரதான சாப்பாட்டு மண்டபம், பஃபே, சாதாரண தேத்தண்ணீர் கோப்பி, தண்ணீர், நாடகம் பாட்டு நிகழ்ச்சிகள், நீச்சல் தடாகம். வராதவை: டிப்ஸ், சோடா, மதுபானம், சிறப்பு உணவகங்கள், இணையம், மசாஜ், கசினோ, கப்பல்காரர் எடுக்கும் படங்கள், கரைச் சுற்றுலா. துறைமுக வரியும் பல விளம்பரங்களில் பெரிய எழுத்து விலைக்கு வெளியேதான் நிற்கும். எல்லாம் கூட்டிய மொத்தத் தொகையைக் கேட்டு வாங்கிய பிறகே ஒரு பயணத்தை இன்னொன்றோடு ஒப்பிடுங்கள்.

முதலில் டிப்ஸ். இது நாமாக விரும்பிக் கொடுக்கிற காசு என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். குரூஸ் கப்பலில் அது ஆளுக்கு, நாளுக்கு என்று தானாகவே கணக்கில் ஏறும். பெரிய நிறுவனங்களில் சாதாரணக் கபினுக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டொலர். 18.50 டொலர் என்று எடுத்துக்கொண்டால், இரண்டு பேருக்கு நாலு இரவுக்கு 148 டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் 44,400 ரூபா. பல நிறுவனங்களில் பிள்ளைகளுக்கும் அதே தொகைதான். இதைப் பதிவின்போதே கட்டிவிட்டால் கடைசி நாளில் அதிர்ச்சி இருக்காது. அறை துப்புரவு செய்கிற பிள்ளைகளின் சம்பளத்தில் இது பெரிய பங்கு. நிறுத்திவிடச் சொல்லி வரிசையில் நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆரம்பத்திலேயே செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குடிபானம். பட்டியலில் சோடா 4 டொலர் என்று இருந்தால், பல கப்பல்களில் அதன்மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம் ஏறி 4.72 டொலர் ஆகும். நம் காசில் ஒரு சோடா 1,400 ரூபாவுக்கு மேல். பிள்ளைகள் நாளுக்கு மூன்று கேட்டால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். குடிபானப் பொதி எடுப்பதானால் கப்பலில் ஏறும் முன்னர் இணையத்தில் எடுங்கள், ஏறிய பிறகு பெரும்பாலும் விலை கூடும். மது குடிக்காத குடும்பத்துக்கு அந்தப் பெரிய பொதி வீண். சோடா மட்டும் உள்ள சின்னப் பொதி போதும். ஒரு போத்தல் கையில் வைத்துக்கொண்டு பஃபேயில் தண்ணீர் நிரப்பிக்கொண்டால் அதுவும் தேவைப்படாமல் போகலாம்.

கப்பலுக்குள் காசுத்தாள் நடமாடாது. அறைத் திறப்பாக இருக்கும் அட்டையைத்தான் எல்லா இடத்திலும் தட்ட வேண்டும். பிள்ளையின் கையில் இருக்கும் அட்டையும் உங்கள் கணக்கோடுதான் சேர்ந்திருக்கும். விளையாட்டு இயந்திர அறையில் ஒவ்வொரு தட்டலுக்கும் ஒன்றிரண்டு டொலர் போகும். பிள்ளைக்கு அது காசு என்றே தெரியாது. ஏறிய அன்றே விருந்தினர் சேவை மேசைக்குப் போய், பிள்ளைகளின் அட்டையில் செலவுக்கு எல்லை போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முழுதாக நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு இரவும் அறைத் தொலைக்காட்சியிலோ செயலியிலோ கணக்கைப் பாருங்கள். தவறான தொகையை அன்றன்றே திருத்துவது சுலபம், கடைசி நாள் காலையில் அந்த மேசைக்கு முன் நிற்கும் வரிசையில் அது பெரும் பாடு.

அந்த அட்டைக்குப் பின்னால் கிரெடிட் காட்டைப் பதிவு செய்யுங்கள், டெபிட் காட் வேண்டாம். டெபிட் காட் கொடுத்தால் கப்பல் நாளாந்தம் ஒரு தொகையைப் பிடித்து வைக்கும். பயணம் முடிந்த பிறகும் அது விடுபடப் பல நாள் ஆகலாம், அதுவரை உங்கள் காசு உங்களுக்கு உதவாது. கிரெடிட் காட் இல்லையென்றால் சேவை மேசையில் டொலர் வைப்புக் கட்டலாம், மிச்சத்தைக் கடைசியில் திருப்பித் தருவார்கள். புறப்படும் முன்னர் வங்கிக்கு அறிவித்து வெளிநாட்டுப் பாவனையைத் திறந்து வையுங்கள். கரைக் கடைகளில் "ரூபாவில் எடுக்கவா?" என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர்க் காசிலேயே எடுக்கச் சொல்லுங்கள். ரூபாவுக்கு மாற்றும்போது அவர்கள் வைக்கும் விகிதம் நமக்கு நட்டம்.

கைத்தொலைபேசி! கப்பல் புறப்பட்ட உடனே விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். கடல் நடுவில் அது கப்பலின் செய்மதி வலையமைப்பில் தானாக ஒட்டிக்கொள்ளும். அதன் ரோமிங் கட்டணம் சாதாரண வெளிநாட்டு ரோமிங்கைவிடப் பல மடங்கு.

படங்கள், நகை விற்பனை, ஓவிய ஏலம் எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும். பார்த்துவிட்டு வாருங்கள்.

கரையில் இறங்கும் நாள்

அட்டவணையில் "காலை 8 முதல் மாலை 5 வரை" என்று இருந்தால் உங்களுக்கு ஒன்பது மணித்தியாலம் இருப்பதாக நினைக்க வேண்டாம். அனுமதி கிடைத்து, வரிசையில் நின்று, குடிவரவு தாண்டி வெளியே வர ஒன்பது மணியாகும். எல்லோரும் கப்பலுக்குள் இருக்க வேண்டிய நேரம் புறப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் முன்னர். வாகன நெரிசலுக்கு ஒரு மணித்தியாலத்தைக் கையில் வையுங்கள். மிஞ்சுவது ஆறு. இந்த ஆறை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

கப்பல் விற்கும் சுற்றுலாவில் போனால், அந்த பஸ் பிந்தினாலும் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாகப் போய்ப் பிந்தினால் கப்பல் போய்விடும். அப்புறம் அடுத்த ஊருக்கு விமானமோ பஸ்ஸோ உங்கள் செலவு. அதற்காக எல்லா ஊரிலும் கப்பல் சுற்றுலாவுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு துறைமுகத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பினாங்கில் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹம் துறையிலிருந்து வெளியே வந்தால் ஜோர்ஜ் டவுன் ஆரம்பம். யுனெஸ்கோ 2008இல் உலக மரபுரிமையாக அறிவித்த பழைய நகரம் அது. மணிக்கூட்டுக் கோபுரமும் கோர்ன்வாலிஸ் கோட்டையும் சில நிமிட நடை. இன்னும் கொஞ்சம் நடந்தால் குட்டி இந்தியா, கடைப் பலகையில் தமிழ், கடைக்குள் தமிழ்ப் பாட்டு. குயின் தெருவில் 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோவில் இருக்கிறது. அங்கிருந்து சற்று நடந்தால் இந்திய முஸ்லிம் வணிகர்கள் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். மட்டக்களப்புக் குடும்பமும் காத்தான்குடிக் குடும்பமும் ஒன்றாக இறங்கி, ஆளுக்கொரு இடத்தில் கும்பிட்டுத் தொழுதுவிட்டு, ஒரே நாசி கண்டார் கடையில் சோறு சாப்பிடலாம். அந்தச் சாப்பாடே தமிழ் முஸ்லிம்கள் காவடிபோலத் தோளில் சுமந்து விற்றுத் தொடங்கியது. நகருக்குள் இலவச பஸ்ஸும் ஓடுகிறது. மத்தியானத்து வெயிலுக்குக் குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

போர்ட் கிள்ளான் வேறு கதை. அங்கிருந்து கோலாலம்பூர் 40 கிலோமீற்றருக்கு மேல். போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை மணித்தியாலம் என்று பாதுகாப்பாக வையுங்கள். ஆறில் மூன்று போய்விட்டது. மிச்ச மூன்றில் பத்துமலையோ இரட்டைக் கோபுரமோ ஏதாவது ஒன்று. நம் ஆட்களுக்குப் பத்துமலைதான் மனசுக்குள் இருக்கும்: 42.7 மீற்றர் உயர முருகன், 272 படி. பெரியவர்கள் படியேற முடியாவிட்டால் அடிவாரத்திலேயே கோவில்கள் உண்டு, அவர்களோடு ஒருவர் கீழே நிற்கட்டும். ஏழெட்டுப் பேராகப் போனால் முன்கூட்டியே ஒரு வான் பேசுவது கப்பல் சுற்றுலாவைவிட மலிவாக வரும். இரண்டு பேர் என்றால் கப்பல் பஸ்ஸிலேயே போங்கள், நிம்மதி.

புக்கெட்டில் பெரிய கப்பல் பல நேரம் பட்டோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிடும். சின்னப் படகில் கரைக்குப் போக வேண்டும். அதற்கு இலக்கச் சீட்டு, காத்திருப்பு எல்லாம் உண்டு. திரும்பி வரவும் அதே வரிசை, அந்த நேரத்தையும் கழியுங்கள். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கலங்கினால் படகை நிறுத்தி, அந்தத் துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போகவும் கூடும். அப்படி நடந்தால் கப்பல் சுற்றுலாவின் காசு திரும்ப வரும், நீங்களாக வெளியே கட்டிய காசு வராது. ஆகையால் வெளியே பதிவு செய்வதென்றால் கடைசி நேரத்திலும் இரத்துச் செய்யக்கூடியதாகப் பாருங்கள். பீபீ தீவு போன்ற, மறுபடி கடலில் போகும் சுற்றுலாக்களுக்குக் கப்பல் வழியாகவே போங்கள் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு கவனம், நேரம். சிங்கப்பூர் இலங்கையைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது, தாய்லாந்து ஒன்றரை. புக்கெட்டில் இறங்கியதும் தொலைபேசி தானாக ஒரு மணித்தியாலம் பின்னால் போகும், கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கலாம். தொலைபேசியில் நாலு மணி என்று ஆறுதலாக இளநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள், கப்பலில் ஐந்து மணி. முள்ளு மணிக்கூடு ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கையில் கட்டுங்கள். கடவுச்சீட்டின் பிரதி, கப்பல் அட்டை, துறைமுக முகவரின் தொலைபேசி இலக்கம் உள்ள அன்றைய தாள், கொஞ்சம் உள்ளூர்க் காசு, இவை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இருக்கட்டும். கூட்டத்தில் பிரிந்தால் உதவும்.

புறப்பாடும் பொதியும்

கப்பல் புறப்படும் அன்றே சிங்கப்பூரில் இறங்கத் திட்டமிடாதீர்கள். ஒரு நாள் முன்னரே போங்கள். மட்டக்களப்பிலிருந்து ரயிலோ பஸ்ஸோ, அம்பாறைப் பக்கம் என்றால் இரவு பஸ், பிறகு கட்டுநாயக்க, பிறகு விமானம். இதில் எது பிந்தினாலும் கப்பல் நிற்காது. முதல் இரவுக்குச் சிங்கப்பூர் குட்டி இந்தியாவில் தங்கினால் சாப்பாடும் சரி, பயணமும் சரி. சிங்கப்பூரில் கப்பல் ஏறும் இடம் இரண்டு: ஹார்பர்ஃபிரண்ட், மரீனா பே. எது என்று ஏறும் சீட்டில் பாருங்கள். குட்டி இந்தியாவிலிருந்து ஊதா நிற ரயில் நேரே ஹார்பர்ஃபிரண்டுக்குப் போகும். மரீனா பே என்றால் டோபி காட்டில் சிவப்புப் பாதைக்கு மாறி, கடைசித் தரிப்பான மரீனா சவுத் பியரில் இறங்க வேண்டும்.

பயணக் காப்புறுதி கட்டாயம் எடுங்கள். கடலிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டுபோகும் செலவு அதில் அடங்குகிறதா என்று வாசித்துப் பாருங்கள். கப்பல் வைத்தியரின் கட்டணமும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

பொதிக்குள் அயன், தண்ணீர் கொதிக்க வைக்கும் கம்பிச்சுருள், கேத்தல் வேண்டாம், தீ ஆபத்து என்று எடுத்து வைத்துக்கொள்வார்கள். வீட்டில் சமைத்த சாப்பாடும் ஏற்ற விடமாட்டார்கள். மூடி முத்திரையிட்ட பிஸ்கட் பரவாயில்லை. வெற்றிலை போடும் பெரியவர்கள் கவனிக்க வேண்டும்: மெல்லும் புகையிலை சிங்கப்பூருக்குள் கொண்டுபோகவே தடை, சூயிங்கமும் அப்படித்தான். மருந்துகளை வைத்தியர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். ஏறிய அன்று பெரிய பெட்டி அறைக்கு வந்து சேரப் பின்னேரமாகும்.

ஏறிய உடனே பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியில் கொஸ்ரா கொன்கோர்டியா கப்பல் கவிழ்ந்த பிறகு, புறப்படும் முன்னரோ புறப்பட்ட உடனேயோ அதை நடத்த வேண்டும் என்று விதி இறுக்கப்பட்டது. உங்கள் ஒன்றுகூடும் இடம் எது என்று பிள்ளைகளுக்கும் காட்டிக்கொடுங்கள்.

கடைசி இரவு பெரிய பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுப்பு, மருந்து, கடவுச்சீட்டு மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் பெட்டியை மூட வேண்டும். அன்றிரவே கணக்கை முழுதாகப் பார்த்துச் சந்தேகம் கேளுங்கள். வைப்புக் கட்டியவர்கள் மிச்சத்தை இறங்கும் முன்னர் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். இறுதிக் கணக்குத் தாளை ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து வரும் வங்கிப் பில்லில் தொகை பொருந்தாவிட்டால் வங்கியிடமும் கப்பல் நிறுவனத்திடமும் காட்ட அது தேவைப்படும். வீடு திரும்பும் விமானம் மத்தியானத்துக்குப் பிறகு இருக்கட்டும்.